பனி காய்ந்த பிறகு

காலை பத்துமணிக்கு முன் மெசின் ஓடாது.
இரவுப் பனி மணலில் இருந்தால்
தட்டுத் துணி அடைத்துக்கொள்ளும்.
பொன் என்றாலும் மண் என்றாலும்
கட்டிபட்டு ஒன்றாய் வழுகிப் போய்விடும்.
ஆகவே சவுக்கமரங்களுக்குக் கீழே
வெறுந்தேத்தண்ணியோடு குந்தியிருப்போம்.
காத்திருக்கிற நேரத்துக்கும் சம்பளம் உண்டோ என்று
முதல்நாளே கேட்டு வைத்தவள் நான்.

நெல்லியடி லேத்துக்கடைத் தியோகுப்பிள்ளை
செய்து கொடுத்த மெசின்.
லான்ட்மாஸ்ரர் என்ஜின். தையல்மெசின் சில்லு.
துருத்திக்கு நிவாரணத் தறப்பாள்.
மேல்தட்டுக்கு நூல்சீலை வேண்டுமென்றார்,
என்னுடையதில் ஒன்றைக் கிழித்துக் கொடுத்தேன்.
இருநூறு ரூபாய் தந்தார்கள்.

வாளியால் மேலே கொட்டவேண்டும்.
சிப்பியும் வேரும் சல்லடையோடு நின்றுவிடும்.
கீழிருந்து துருத்தி மூச்சுவிடும்,
ஒவ்வொரு மூச்சுக்கும் மணல் எழும்பிக்
குறுக்குச் சட்டங்களைத் தாண்டி ஓடும்.
பாரமானது தாண்டாது.
அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

மெசின்காரன் பெனடிற், நோர்வேயிலிருந்து வந்தவன்.
அவனிடம் ஒரு கொப்பித்தாள்:
பழைய கோயில் சுவர், கடல்பக்கமாய்ப் பன்னிரண்டு எட்டு,
பால்பேணிக்குள் பதினெட்டுப் பவுண்.
ஓடின இரவு தாய் புதைத்தது.
"ஆருடைய எட்டு?" என்று கேட்டேன்.
அவன் போனில் தாயைக் கேட்டான்.
தாய் கனநேரம் பேசாமல் இருந்தாள்.

மணற்காட்டில் எந்தத் திட்டி நின்ற இடத்தில் நின்றது?
சோளகம் ஒருபக்கம் தள்ளும், வாடை மறுபக்கம் தள்ளும்.
பிறகு கடலும் ஒருநாள் எழும்பி வந்து
தன்பாட்டுக்கு அள்ளிக்கொண்டு போனது.
பேணி எப்போதோ உக்கியிருக்கும்,
சங்கிலி வேறு, காப்பு வேறாய்ச்
சிதறிக் கிடக்கும் என்ற கணக்கில்தான்
இந்த மெசின்.

முதல்நாள் சட்டத்தில் மிஞ்சியது கறுப்பு மணல்.
இரண்டாம் நாள் வலையின் ஈயக்குண்டு, சிப் ஒன்றின் நாக்கு.
மூன்றாம் நாளிலிருந்து சன்னங்கள்.
எல்லாம் ஈயம்,
மெசினுக்கு ஈயமும் பொன்னும் சொந்தக்காரர்.
பெனடிற் அவற்றை எட்ட எறிவான்.
நான் பொறுக்கிப் பெயின்ற் வாளிக்குள் போடுவேன்.
"உனக்கேன்?" என்றான்.
உருக்கினால் வலைக்கு ஆகும் என்றேன்.
அதற்குப் பிறகு அவன் எறியவில்லை,
கையில் எடுத்துத் தந்தான்.

ஒன்பதாம் நாள், என் சீலையின் நீலக்கரையில்
மூன்றாவது சட்டத்தடியில்
மஞ்சளாய் ஒன்று தங்கி நின்றது.
என்ஜினை நிற்பாட்டினோம்.
மூக்குத்தி.
ஆறு வெள்ளைக்கல், ஏழாவது குழிக்குள் மணல்.

"அம்மா மூக்குக் குத்தேல்லை," என்றான் பெனடிற்.

காற்று மட்டும் வேலையை விடவில்லை,
நாங்கள் குவித்த குவியலைத் தன்பாட்டுக்குத் தூற்றியது.
இந்தக் கரையில் மூக்குத்தி போட்டவர்களை
மனதுக்குள் எண்ணத் தொடங்கினேன்.
இருக்கிறவர்கள், பிறகு இல்லாதவர்கள்.
இரண்டாவது கணக்கில் விரல் போதவில்லை.

அடுத்தநாள் பத்துமணியாகியும்
அவன் என்ஜின் கயிற்றை இழுக்கவில்லை.
மெசினைத் தியோகுப்பிள்ளை அரைவிலைக்கு எடுத்தார்,
உழுந்து தூற்றலாமாம்.
எனக்குச் சம்பளப் பாக்கியும் ஒரு வாளி ஈயமும்.
மூக்குத்தியைக் கடதாசியில் சுற்றி,
"நீ இந்த ஊர்தானே," என்று தந்துவிட்டுப்
பஸ் ஏறினான்.

மூன்று வீட்டில் இல்லையென்றார்கள்.
ஒரு வீட்டில், விற்கப் போறியோ என்று கேட்டார்கள்.
ஐந்தாவது வீட்டில் றெஜினா மீன் வெட்டிக்கொண்டிருந்தாள்.
சொன்னதைக் கேட்டுவிட்டு
நிமிராமலே தலையாட்டினாள், இல்லையாம்.
படலை வரைக்கும் வந்துவிட்டேன்.

"பொறு," என்றாள்.
செதில் ஒட்டின கை அந்தரத்தில் நின்றது.
"அதில ஒரு கல்லு இல்லையோ?"

நான் இன்னும் கடதாசியைப் பிரிக்கவில்லை.